ஊருக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர்

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு. சென்னைக்கு எதிரே கடலில் ஒரு போர்க் கப்பல் வந்து நின்றது. சற்று நேரத்தில் குண்டுகள் சீறிப் பாய்ந்தன. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினார்கள்.

குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் எம்டன். யாராலும் பிடிக்க முடியாத சாமர்த்தியசாலியை எம்டன் என்று சொல்லும் வழக்கம் தமிழில் அன்று முதல்தான் வந்தது.

இது பலருக்கும் தெரிந்த கதை. அதே எம்டன் மறுமாதம் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகத் தெரியாது. 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை அது இந்து மகா சமுத்திரத்தில் மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் பெட்டி பெட்டியாகப் படங்கள் இருந்தன. உலகத்து நகரங்களின் வரைபடங்கள், சித்திரங்கள், மாதிரித் திட்டங்கள் எல்லாம் இருந்தன. சென்னையில் ஒரு பொருட்காட்சி நடத்துவதற்காக அவை வந்துகொண்டிருந்தன. அத்தனையும் கடலுக்கு அடியில் போயின.

அந்தப் படங்களைத் தன் வாழ்நாள் சம்பாத்தியமாகச் சேர்த்து வைத்திருந்தவர் வேறொரு கப்பலில் இந்தியா வந்து சேர்ந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 60. நீண்ட தாடி, கலைந்த தலைமுடி, ஓயாத பேச்சு. அவர்தான் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ்.

நகரத்துக்கு வீடும் ரோடும் மட்டும் போதாது. குளமும் மரமும் தோட்டமும் ஆற்றங்கரையும் வேண்டும். அவை அலங்காரப் பொருள்கள் அல்ல, ஊரின் உயிர் உறுப்புகள் என்று உலகத்துக்குச் சொன்னவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். இன்று நகர நிபுணர்கள் பசுமைக் கட்டமைப்பு என்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறார்களே, அதைத்தான் அவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூரிலும் இந்தூரிலும் தெருத்தெருவாக நடந்து சொன்னார்.

சிப்பாய் வீட்டுப் பிள்ளை

பாட்ரிக் கெடிஸ் 1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து அதே தேதியில் பிறந்தவர் மகாத்மா காந்தி.

தகப்பனார் பட்டாளத்துக்காரர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். பாட்ரிக் வீட்டுக்குக் கடைக்குட்டி. அவன் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பெர்த் என்ற ஊருக்கு வந்தது. மலைச் சரிவில் ஒரு சிறு வீடு. வீட்டைச் சுற்றித் தோட்டம்.

அந்தத் தோட்டம்தான் அவனுக்கு முதல் பள்ளிக்கூடம். தகப்பனாரோடு சேர்ந்து மண்ணைக் கொத்துவான், விதை போடுவான், தண்ணீர் ஊற்றுவான். மலைமேல் ஏறி நின்றால் கீழே ஊர் முழுவதும் தெரியும். ஆறு எங்கிருந்து வருகிறது, வயல் எங்கே இருக்கிறது, ஊர் எங்கே முளைத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் பார்க்கலாம். சின்ன வயதில் பார்த்த அந்தக் காட்சி அவர் மனதை விட்டுக் கடைசி வரையில் போகவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பையனை ஒரு பாங்கியில் வேலைக்குச் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷம் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டினான். மனம் ஒட்டவில்லை. செடி கொடிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கே உயிருள்ள செடியை விட்டுவிட்டு, உலர்ந்த சருகை அறுத்துப் பாடம் நடத்தினார்கள். ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டான்!

பிறகு லண்டனுக்குப் போய், புகழ் பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் மாணவனாகச் சேர்ந்தான். அங்கே மனம் குளிரப் படித்தான். ஆனால் பட்டம் வாங்குவதற்காகப் பரீட்சை எழுதவில்லை. வாழ்நாள் முழுவதும் பட்டம் இல்லாமலே இருந்தார் கெடிஸ். பட்டம் இல்லாதவரே பின்னால் பேராசிரியர் ஆனார்!

இருட்டறை வாசம்

1879-ம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ தேசத்துக்குப் போனார். அங்கே திடீரென்று கண் பார்வை போய்விட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து உழைக்கும் உயிர்நூல் மாணவனுக்கு இதைவிடப் பெரிய இடி என்ன இருக்க முடியும்?

வாரக் கணக்கில் இருட்டறையில் கிடந்தார். படிக்க முடியாது, எழுத முடியாது. கையில் கிடைத்த காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். மடிப்புக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை மனதாலேயே எழுதி வைத்தார். எந்தக் கட்டத்துக்கும் எந்தக் கட்டத்துக்கும் சம்பந்தம் என்று யோசித்தார். இடம், தொழில், மனிதர் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று உருவாக்குகின்றன என்ற அவருடைய முக்கியமான கொள்கையைக் கடைசி வரையில் அவர் இப்படி மடித்த காகிதத்தில்தான் விளக்குவார்.

நல்ல வேளையாகப் பார்வை திரும்பியது. ஆனாலும் கண்ணுக்கு முன்போல வலு இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு மணிக் கணக்கில் உட்கார முடியவில்லை. சின்ன உயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மனிதர்கள் கூடி வாழும் நகரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அழுக்குச் சந்தில் குடித்தனம்

1886-ம் ஆண்டு ஆன்னா மார்ட்டன் என்ற பெண்ணைக் கெடிஸ் மணந்தார். லிவர்பூல் வியாபாரி ஒருவரின் மகள், சங்கீதம் கற்றவர். புது மணத் தம்பதிகள் எங்கே குடித்தனம் வைத்தார்கள் தெரியுமா? எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில்!

வசதி உள்ளவர்கள் எல்லாரும் அந்தப் பகுதியை விட்டுப் புது நகரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பல குடும்பங்கள் அடைந்து கிடந்தன. வெயில் எட்டிப் பார்க்காத சந்துகள். குப்பை, சாக்கடை, நோய்.

இதற்கு அதிகாரிகள் கண்ட வழி ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவது. நேராக ஒரு ரோடு போடுவது. இடிபட்ட வீட்டில் இருந்த ஏழை எங்கே போவான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் அடுத்த சந்தில் போய் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தான். நோயும் அவன் கூடவே போயிற்று.

கெடிஸ் வேறு வழியில் போனார். முதலில் தன் வீட்டைத் தானே வெள்ளை அடித்தார். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார். அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தாங்களும் துடைப்பத்தையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்தார்கள். அடியோடு கெட்டுப் போன ஒன்றிரண்டு கட்டிடங்களை மட்டும் எடுத்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் வர வழி செய்தார். மற்றவற்றைப் பழுது பார்த்தார். மாணவர்களுக்கு விடுதிகள் அமைத்தார். இப்படிச் சந்து சந்தாக ஊரைச் சீர்திருத்தினார்.

கையில் இருந்த பணம் கரைந்தது. கடன் ஏறியது. ஆன்னா அம்மாள்தான் கணக்கைக் கட்டிக் காத்தார். 1896-ல் நண்பர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து, அவருடைய வீடுகளை ஏற்று நடத்தி, அவரைத் தலை நிமிரச் செய்தார்கள்.

இதற்கிடையில் 1888-ல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவர சாஸ்திரப் பேராசிரியர் பதவி கிடைத்திருந்தது. கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மீதி நாள் எல்லாம் அவருடையது. அதாவது, நகரத்தினுடையது.

மகள் கண்டுபிடித்த 10 ஏக்கர்

எடின்பரோவின் பழைய பகுதியில் ஒரு செடி வைக்கவும் இடம் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கெடிஸின் மகள் நோராவும் அவளுடைய தோழர்களும் தெருத்தெருவாகப் போய்க் கணக்கு எடுத்தார்கள். இடிந்த வீட்டு மனைகள், குப்பை மேடுகள், சுவருக்குப் பின்னால் மறந்து போன மூலைகள் என்று மொத்தம் 75 காலி இடங்கள் அகப்பட்டன. எல்லாவற்றையும் கூட்டினால் 10 ஏக்கர்!

குப்பையை வாரினார்கள். மண் போட்டார்கள். மரம் நட்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளே தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றன் பின் ஒன்றாகச் சிறு தோட்டங்கள் முளைத்தன. வெயிலைப் பார்க்காத பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடினார்கள். அந்தத் தோட்டங்களில் சில இன்றும் எடின்பரோவில் இருக்கின்றன.

நகரத்தில் இடம் இல்லை என்று சொல்லுகிறவன் இன்னும் தேடிப் பார்க்கவில்லை. இதுதான் அந்த 10 ஏக்கர் சொல்லும் பாடம்.

கோபுரமும் ஐந்திணையும்

1892-ல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோபுர வீட்டைக் கெடிஸ் வாங்கினார். உச்சியில் கண்ணாடியும் வில்லையும் வைத்த ஒரு இருட்டறை. சுற்றியுள்ள ஊர் முழுவதும் ஒரு வட்ட மேஜையின் மேல் உயிரோடு அசையும் சித்திரமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மாடியாக இறங்கினால், முதலில் நகரம், பிறகு தேசம், பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம் என்று விளக்கப் படங்கள் இருக்கும்.

அங்கே அவர் அடிக்கடி காட்டிய படம் ஒன்று உண்டு. மலை உச்சியில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, கடலில் முடிகிற ஒரு நிலப்படம். மலையில் சுரங்கம் வெட்டுகிறவன்; காட்டில் மரம் வெட்டுகிறவனும் வேட்டைக்காரனும்; புல்வெளியில் ஆட்டு இடையன்; கீழே உழவன்; கடலோரத்தில் மீனவன். நிலத்துக்கு ஏற்ற தொழில். தொழிலுக்கு ஏற்ற வாழ்க்கை.

இதைப் பார்க்கும் தமிழருக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நினைவுக்கு வராமல் இருக்குமா?

நகரம் தனியாக வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதுதான் அந்தப் படத்தின் கருத்து. மலையில் மரத்தை வெட்டினால் கீழே ஊரில் வெள்ளம் வரும். ஆற்றை அழுக்காக்கினால் மீனவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே ஊருக்குத் திட்டம் போடுகிறவன் ஊர் எல்லையோடு நிற்கக் கூடாது. தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் பார்க்க வேண்டும் என்றார் கெடிஸ்.

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதும் அவருடைய கொள்கை. நல்ல வைத்தியர் முதலில் நோயாளியைப் பார்ப்பார். வயது, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரிப்பார். அதுபோல ஊரை முதலில் நடந்து பார், ஜனங்களைக் கேள், பிறகு திட்டம் போடு என்றார். தன் முறைக்கு அவர் ரண வைத்தியத்தின் பெயரையே வைத்தார். கெட்ட சதையை மட்டும் எடுத்து, நல்ல உறுப்பைக் காப்பாற்றும் ரண வைத்தியம் அது.

1911-ல் நகரங்களைப் பற்றிய பொருட்காட்சியை லண்டனில் நடத்தினார். 1913-ல் பெல்ஜியம் தேசத்துக் கெண்ட் நகரில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தப் புகழ்தான் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார்.

தஞ்சாவூரில் நடந்த வாக்குவாதம்

பொருட்காட்சிப் படங்கள் கடலில் போன செய்தி கேட்டுக் கெடிஸ் தலையில் கை வைத்து உட்காரவில்லை. ஊரில் இருந்த நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் அவசர அவசரமாகப் புதிய படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனெட் மண்டபத்தில் பொருட்காட்சி நடந்தது!

பிறகு சென்னை ராஜதானியின் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். காலை வேளையில் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரிய வீதியை விட்டுச் சந்துகளில் நுழைவார். கிணற்றடியில் நிற்பார். குளக்கரையில் உட்காருவார். கையில் உள்ள வரைபடத்தில் குறித்துக்கொள்வார்.

கோவில் நகரங்களைக் கண்டு அவர் வியந்து போனார். மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் கோவிலைச் சுற்றிச் சுற்றி வீதிகள் அமைந்திருக்கும் அழகைப் பார்த்தார். தேர் ஓட வேண்டும் என்பதற்காக முன்னோர்கள் விட்டு வைத்த அகலமான வீதி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழியாக இருப்பதைப் பார்த்தார். நகரம் அமைக்கும் கலையை இந்தத் தேசம் மேல்நாட்டிடம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. தன்னிடம் உள்ளதை மறக்காமல் இருந்தால் போதும் என்பது அவர் அபிப்பிராயம்.

தஞ்சாவூரில் ஒரு திட்டம் தயாராக இருந்தது. பழைய வீடுகள் நிறைந்த பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக நேர் ரோடுகள் போட வேண்டும். வழியில் இருக்கும் வீடுகளை இடிக்க வேண்டும். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கெடிஸ் ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தார். புது ரோடே வேண்டாம் என்றார். இருக்கிற சந்துகளில் இங்கே ஒரு மூலையைத் திறந்து விடுங்கள். அங்கே விழுந்து கிடக்கும் ஒரு வீட்டை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மரம் வையுங்கள். ஜனங்கள் உட்கார மேடை கட்டுங்கள். எல்லா வீட்டுக்கும் காற்று வரும். ஏழைகள் வீடு இழக்க மாட்டார்கள். செலவும் குறையும். இதுதான் அவர் எழுதிய மருந்துச் சீட்டு.

குளத்தைத் தூர்க்காதீர்கள்!

அந்தக் காலத்தில் சுகாதார அதிகாரிகளுக்குக் குளத்தைக் கண்டால் ஆகாது. குளத்தில் கொசு உண்டாகிறது. கொசுவால் மலேரியா வருகிறது. ஆகவே குளத்தை மண் போட்டு மூடு என்பார்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு குளம் எதற்கு என்றும் கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் செடி கொடி படித்த பேராசிரியர் எழுந்து நின்றார்.

கொசுவை ஒழிக்கக் குளத்தை ஒழிக்க வேண்டியதில்லை. குளத்தில் மீன் விடுங்கள், வாத்து விடுங்கள். அவை கொசுப் புழுவைத் தின்றுவிடும். கரையைச் செப்பனிடுங்கள். குளத்து நீர் கோடையில் ஊரைக் குளிர வைக்கும். மழை கொட்டும்போது வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். குழாய் என்பது இயந்திரம். இயந்திரம் என்றாவது ஒரு நாள் கெட்டுப் போகும். அன்று கிணறும் குளமும் இல்லாத ஊர் என்ன செய்யும்? இப்படிக் கேட்டார் அவர்.

குளம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் யோசித்தால் அவர் சொன்னதன் அருமை விளங்கும். மழைத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்தால் ஓடிவிடும். மண்ணில் விழுந்தால் ஊறும். மரத்தின் வேர் மண்ணை இளக்கி, தண்ணீர் இறங்க வழி விடும். குளத்தில் தேங்கிய நீர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊற்றாகச் சுரக்கும். மழைக் காலத்தில் வெள்ளத்தைத் தடுப்பதும் வெயில் காலத்தில் தண்ணீர் கொடுப்பதும் அதே குளம்தான்.

அடுத்தடுத்து இரண்டு இடி

1917-ம் ஆண்டு அவர் வாழ்க்கையில் இருண்ட ஆண்டு.

மூத்த மகன் அலஸ்டேர் தகப்பனாருக்கு வலது கை போல இருந்தவன். தகப்பனாரோடு இந்தியாவுக்கும் வந்து பொருட்காட்சி வேலையில் உதவினான். பிறகு ராணுவத்தில் சேர்ந்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் பிரான்சு தேசத்துப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தான்.

தந்தி வந்தபோது ஆன்னா அம்மாள் இந்தியாவில் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியை எப்படிச் சொல்வது? கெடிஸ் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் அழுதுகொண்டே மனைவிக்குப் பணிவிடை செய்தார். மகன் உயிரோடு இருப்பதாக நம்பியபடியே அந்த அம்மாள் கண்ணை மூடினார். இந்திய மண்ணில்தான் அவர் உயிர் பிரிந்தது.

முப்பது வருஷத்துத் துணை போயிற்று. வாரிசாக நினைத்த பிள்ளை போனான். 62 வயதுக் கிழவர் தனியாக நின்றார். ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. இந்தூர் சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு நாள் மகாராஜா

இந்தூரில் பிளேக் நோய் ஜனங்களை வாட்டியது. எலியால் பரவும் நோய். குப்பை இருந்தால் எலி வரும். ஆனால் சுத்தம் செய்யச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வரைபடமும் கையுமாகச் சந்து சந்தாகத் திரியும் வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்து, வீட்டை இடிக்க வந்தவர் என்று ஜனங்கள் பயந்தார்கள்.

கெடிஸ் மகாராஜாவிடம் போய் ஒரு விசித்திரமான வரம் கேட்டார். தன்னை ஒரே ஒரு நாள் மகாராஜாவாக்க வேண்டும் என்றார்! மகாராஜா சம்மதித்தார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது. எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் வாசலையும் அதிகம் சுத்தமாக வைத்திருக்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். குப்பையை இலவசமாக அள்ளிப் போக வண்டிகள் வந்தன. எலிப் பொறிகள் கொடுக்கப்பட்டன.

அவ்வளவுதான். ஊரே துடைப்பம் எடுத்தது! தெருவுக்குத் தெரு போட்டி. வருஷக் கணக்காகக் கிடந்த குப்பை ஆயிரக்கணக்கான வண்டிகளில் வெளியேறியது. வீடுகள் வெள்ளை அடித்துக்கொண்டன.

தீபாவளி அன்று யானையும் ஒட்டகமும் குதிரையுமாக ஊர்வலம் புறப்பட்டது. அழுக்கு அரக்கனின் பிரம்மாண்டமான உருவம் ஒன்று வந்தது. பின்னால் பிளேக் எலியின் உருவம். அதற்குப் பின்னால் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள், வெள்ளை உடுத்தி, துடைப்பங்களில் பூ சுற்றி, வர்ணம் பூசிய வண்டிகளோடு கம்பீரமாக நடந்து வந்தார்கள். என்றும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் அன்று ஊர்வலத்தின் நாயகர்கள்! அடுத்து, நகரத்தையே ஒரு தேவியாக அலங்கரித்த ரதம். கடைசியில் துளசி முதலிய செடிகளை ஜனங்களுக்கு வழங்கிக்கொண்டு வண்டிகள் வந்தன.

இரவில் அழுக்கு அரக்கனையும் எலியையும் தீ வைத்துக் கொளுத்தினார்கள். பிளேக்கும் தணிந்தது. பருவம் மாறியதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் ஜனங்களின் பயம் போய், நம்பிக்கை வந்துவிட்டது. தெருவில் போகும்போது குழந்தைகள் அவரைக் காட்டி, பழைய மகாராஜா போகிறார் என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

1918-ல் இந்தூர் அறிக்கை இரண்டு பாகமாக அச்சாயிற்று. ஊருக்குள் ஓடும் ஆறுகளைச் சுத்தம் செய்ய வேண்டும்; கரை நெடுகப் பூங்கா அமைக்க வேண்டும்; கழிவு நீரை ஆற்றில் விடாமல் தோட்டங்களுக்குப் பாய்ச்ச வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்.

பேசினால் யாருக்கும் கேட்காது

1919 முதல் 1924 வரையில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூக இயலும் நகர இயலும் கற்பித்தார். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையை எழுதி 1920-ல் வெளியிட்டார். ரவீந்திரநாத் தாகூர் அவருடைய நண்பர்.

இந்தியாவில் இருந்த காலத்தில் ஏறக்குறைய 50 ஊர்களுக்கு அவர் அறிக்கை எழுதினார். எத்தனை நிறைவேறின? மிகச் சில. பெரும்பாலானவை அலமாரிகளில் தூங்கின.

அதற்கு அவரும் ஒரு காரணம். தாடிக்குள்ளேயே முணுமுணுத்துப் பேசுவார். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் காதில் விழாது. ஒரு விஷயத்தில் தொடங்கி ஒன்பது விஷயத்துக்குத் தாவுவார். எஞ்சினியர்கள் தவறு செய்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் பகையும் வளர்ந்தது.

ஆனால் ஓர் இடத்தில் அவர் கனவு பலித்தது. 1925-ல் மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்தார். பெரிய வீதிகளில் வண்டிகள். உள்ளே சிறு தெருக்களில் வீடுகள். வீடுகளின் நடுவே குழந்தைகளுக்குத் தோட்டம். வழி நெடுக மரம். அந்த அமைப்பை இன்றும் அங்கே பார்க்கலாம். அதன் மேல் எழுந்த வெள்ளை நகரம் என்ற பகுதியை 2003-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்ட கெடிஸ், பிரான்சு தேசத்தில் மான்பெலியே ஊருக்கு வெளியே ஒரு வறண்ட மேட்டில் கல்லூரி ஒன்று தொடங்கினார். அங்கேயும் தன் கையால் தோட்டம் போட்டார். முன்பு ஒரு முறை வேண்டாம் என்று மறுத்த 'சர்' பட்டத்தை 1932-ல் ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, தன் 77-வது வயதில், அந்த மேட்டிலேயே காலமானார்.

ஏரி போன கதை

கெடிஸ் இந்தியாவை விட்டுப் போகும் சமயத்தில் சென்னையில் என்ன நடந்தது?

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1923-ல் அதில் மாம்பலம் பகுதியின் தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டு மனைகளாக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர். ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஏரியோடு நிற்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரி நிலத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் குளம் இருந்த இடம் பஸ் நிலையமாகவும் கச்சேரிக் கட்டிடமாகவும் மாறிவிட்டது.

2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் புகுந்தது. மாடியில் ஏறி நின்று ஜனங்கள் படகுக்குக் காத்திருந்தார்கள். நாலே வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே சென்னையில் குடிநீர் ஏரிகள் வற்றின. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் அதிகமாகி ஒரு துன்பம். இல்லாமல் ஒரு துன்பம். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தைத்தான் 1915-ல் அந்தத் தாடிக்காரப் பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது அந்த மருந்துச் சீட்டைத் தேடி எடுக்கிறார்கள். எஞ்சிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் உலக அளவில் பாதுகாக்க வேண்டிய ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. மழை நீரைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும் பூங்காக்களைச் சென்னை மாநகராட்சி அமைத்தது. கோவில் குளங்களைத் தூர்வாரி, மழைத் தண்ணீர் வரும் வாய்க்காலைத் திறந்துவிடும் வேலையும் சில ஊர்களில் நடந்தது.

இதெல்லாம் சர்க்கார் வேலை என்று சும்மா இருந்துவிட முடியாது. இந்தூரில் குப்பையை அகற்றியது மகாராஜாவின் உத்தரவு அல்ல. வாசலைப் பெருக்கிய ஜனங்கள். எடின்பரோவில் 10 ஏக்கரைக் கண்டுபிடித்தது பெரிய எஞ்சினியர் அல்ல. நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்த ஒரு பெண். ஒவ்வொரு தெருவிலும் இன்னும் ஒரு காலி மூலை இருக்கத்தான் செய்கிறது. அங்கே ஒரு வேப்பங்கன்றை நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். மூன்றாவது கோடையில் அது நிழல் கொடுக்கத் தொடங்கிவிடும்.